பட்டு நூல்தான் காரணமா? பிள்ளையின் மூக்கு ஒழுகலும் அலர்ஜி டெஸ்ட்டும்



தேசூரில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டம். சேமிப்பு வாங்கி, தவணை வசூலித்து, நோட்டில் எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, "அக்கா, இந்த மாசம் என்னால தவணை கட்ட முடியல" என்று சொல்லி அழுதுவிட்டார். நாலு வருஷமாக ஒரு தவணை கூடத் தவறாதவர். விசாரித்தோம்.

அவருடைய பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருஷமாக மூக்கு ஒழுகுகிறது. "காலையில எழுந்தா பதினஞ்சு, இருபது தும்மல். ராத்திரி மூக்கு அடைச்சிக்கினு வாயாலதான் மூச்சு விடுறான்." வீட்டில் பட்டுத் தறி இருக்கிறது. பட்டு நூல் தூசிதான் பிள்ளைக்கு ஆகவில்லை, தறியைப் பிரித்துப் போடு என்று மாமியார் வீட்டில் தினமும் பேச்சு. தறியைப் பிரித்தால் சாப்பாட்டுக்கு வழி? இந்தக் குழப்பத்தில் ஊருக்கு வந்த ஒரு ரத்தப் பரிசோதனை முகாமில், குழுவில் வாங்கிய கடனில் 4,000 ரூபாய் கட்டி 'முழு அலர்ஜி டெஸ்ட்' எடுத்திருக்கிறார். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, கத்திரிக்காய் என்று பதினொரு பொருள் ஆகாது என எழுதிய தாள் வந்தது. மூன்று மாதமாகப் பையனுக்குப் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. பள்ளிக்கூடத்து சத்துணவு முட்டையைக்கூட வாங்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பையன் இளைத்துப் போனான். மூக்கு மட்டும் நிற்கவே இல்லை.

அன்றைக்கு அங்கே இருந்த பெண்களில் நாலைந்து பேர், "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றார்கள். ஆரணி, தேவிகாபுரம், தேசூர் என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் எல்லாம் இந்தப் பேச்சு உண்டு. அதனால் எங்களில் இருவர் அந்தத் தாயோடு வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் துணைக்குப் போனோம். அங்கே பார்த்ததையும், மருத்துவர்களிடம் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில், சளியா அலர்ஜியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். அது காய்ச்சலோடு வரும், தொண்டை வலிக்கும், பத்து நாளில் போய்விடும். அலர்ஜி அப்படி இல்லை. காய்ச்சல் இருக்காது. மூக்கில் வருவது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மூக்கும் கண்ணும் அரிக்கும். பிள்ளை உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பான். தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருக்கும். நாம் அதைப் பார்த்து ரத்தம் இல்லை என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுப்போம். 1990-களில் உலகம் முழுக்கப் பல நாடுகளில், நம் சென்னையிலும் சேர்த்து, பள்ளிப் பிள்ளைகளின் ஆஸ்துமா, அலர்ஜி பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் மூக்கைப் பற்றி முதலில் கேட்ட கேள்வியே, சளிக்காய்ச்சல் இல்லாத நாட்களிலும் தும்மலோ, ஒழுகலோ, அடைப்போ இருந்ததா என்பதுதான். எந்தத் தாயும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம், காசு செலவில்லாத கேள்வி. வாரத்தில் நாலு நாளுக்கு மேல், தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் இருந்தால் அதை 'விடாத மூக்கு அலர்ஜி' என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

ஒரே ஒரு மூக்குத் துளையிலிருந்து மட்டும் நாற்றத்தோடு சீழ் மாதிரி வந்தால் அது அலர்ஜி இல்லை. பிள்ளை புளியங்கொட்டையோ மணியோ உள்ளே திணித்திருக்கும். சின்ன வட்ட பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும், அன்றைக்கே ஓட வேண்டும். குறட்டை விட்டுத் தூங்கும்போது நடுவில் மூச்சு நின்று நின்று வருவது, காது மந்தமாவது, நெஞ்சில் 'விசில்' சத்தம் கேட்பது, இவற்றுக்கும் டெஸ்ட்டைப் பற்றி யோசிக்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருந்தாலும் வாயால்தான் மூச்சு விடுவார்கள். இன்னொன்று: நம் பக்கத்தில் சளி, இருமல் நிற்காத பிள்ளைக்கு எல்லாம் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதைப் பார்க்கிறோம். எடை குறைவு, விடாத காய்ச்சல், வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்த சரித்திரம் என்று எதுவுமே இல்லாமல், மூக்கு ஒழுகலை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரக்கூடாது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று டாக்டரைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சரி, அலர்ஜி என்றால் என்ன? 'அலர்ஜி' என்ற சொல்லையே 1906-ல்தான் வியன்னாவைச் சேர்ந்த பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர் உண்டாக்கினார். தூசி, பூந்தூள் போன்ற, மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத பொருளை, நம் உடம்பு எதிரி என்று தப்பாக நினைத்துச் சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டைக்கு உடம்பு தயாரிக்கும் பொருளின் பெயர் 'ஐ.ஜி.ஈ'. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த டெருக்கோ இஷிசாகாவும் அவர் கணவர் கிமிஷிகேவும் 1966-ல் அமெரிக்காவில் டென்வர் நகரில் இருந்தபோது, தங்கள் சொந்தத் தோலிலேயே ஊசி போட்டுச் சோதித்து இதைக் கண்டுபிடித்தார்கள். அதே நேரத்தில் சுவீடனிலும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதற்கும் நூறு வருஷம் முன்பே, பிளாக்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் தனக்கிருந்த தும்மல் வியாதிக்குக் காரணம் தேடி, தன் கையைக் கீறிப் பூந்தூளைத் தேய்த்து, தடித்து வருவதைப் பார்த்து 1873-ல் புத்தகமே எழுதினார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் செய்யும் தோல் டெஸ்ட்டுக்கு அதுதான் ஆரம்பம்.

வேலூரில் அந்த டாக்டரம்மா எடுத்த எடுப்பில் டெஸ்ட் எழுதவில்லை. அரை மணி நேரம் கேள்விதான். எந்த நேரத்தில் தும்முகிறான்? எந்த மாதத்தில் அதிகம்? எங்கே படுக்கிறான்? தலையணை என்ன? வீட்டில் யார் பீடி பிடிக்கிறார்கள்? கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? நம் உறுப்பினர் எல்லாவற்றுக்கும், "தறி இருக்குதுங்க, பட்டுத் தூசிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கடைசியில், "தறி இல்லாத வீட்டுக்குப் போனால் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு நாலு நாள் பாட்டி வீட்டில் இருந்தபோது தும்மல் குறையவே இல்லை, இன்னும் ஜாஸ்திதான். அந்த வீட்டில் தறியே கிடையாது. படுத்தது பழைய இலவம்பஞ்சு மெத்தையில். இந்த ஒரு பதில் 4,000 ரூபாய் தாளை விட அதிகம் சொன்னது என்று டாக்டரம்மா சிரித்தார்.

பட்டைப் பற்றியும் அவரிடம் கேட்டோம். பட்டு ஆகாமல் போவது பொய் இல்லை. கூட்டிலிருந்து வரும் பட்டு இழையின் மேல் 'செரிசின்' என்ற பசை இருக்கும். கூட்டை வேகவைத்து நூல் எடுக்கும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கு மூச்சிரைப்பு வருவது வெகு காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் நம் கைக்கு வரும் நூல், சாயம் போடும் முன் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசை எடுத்த நூல். பசையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. அதனால் நெசவு வீட்டில் பட்டு அலர்ஜி இருக்கவே இருக்காது என்று சொல்லவில்லை. முதல் சந்தேகம் அதன் மேல் போக வேண்டியதில்லை என்கிறோம். குழித்தறி வீட்டில் வேறு விஷயங்கள் இருக்கின்றன. குழியில் ஈரம், சுவரில் பூசணம், பாவுக்கு அடியில் வருஷக் கணக்கில் நகர்த்தாத மூட்டைகள், கரப்பான். எல்லாவற்றுக்கும் மேல், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று, தலையணையிலும் மெத்தையிலும் வாழும். அதன் கழிவுதான் ஆகாத பொருள். வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இந்தப் பூச்சிதான் காரணம் என்று 1964-ல் நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வெளியே என்றால் பார்த்தீனியச் செடி, சீமைக்கருவேல மரம் இவற்றின் பூந்தூள். இரண்டும் நம் ஏரிக்கரையில் குறைவில்லை.

இனி அந்த டெஸ்ட். முதல் தடவை போனபோது செய்யவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம், பையன் முதல் நாள் ராத்திரிதான் செடிரிசின் சிரப் குடித்திருந்தான். தும்மலை அடக்கும் மருந்து உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது, ஆகாத பொருளும் ஆகும் என்று தப்பாகக் காட்டும். செடிரிசின், லெவோசெடிரிசின், சளி சிரப்புகளில் இருக்கும் குளோர்பெனிரமின், அரிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிசின் இவற்றை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே, டாக்டரைக் கேட்டு, நிறுத்த வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்த வேண்டாம். ஆஸ்துமா இன்ஹேலரை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போனதுதான் எங்களுக்குக் கிடைத்த பாடம். நீங்கள் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்துப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாம் தடவை செய்தார்கள். பையன் ஊசி என்று அலறினான், ஆனால் அது ஊசியே இல்லை. முன்கையின் உள்பக்கத்தில் பேனாவால் நம்பர் போட்டு, ஒவ்வொரு நம்பர் பக்கத்திலும் ஒரு சொட்டு மருந்து வைத்தார்கள். ஒன்று தூசிப் பூச்சி, ஒன்று கரப்பான், ஒன்று பார்த்தீனியம், ஒன்று பட்டு என்று வரிசையாக. ஒவ்வொரு சொட்டின் மேலும் சிறிய முனையால் லேசாக ஒரு குத்து, ரத்தம் வராத அளவு. ஒவ்வொன்றுக்கும் புது முனை. பிறகு பதினைந்து, இருபது நிமிஷம் சொறியாமல் உட்கார வேண்டும். அதுதான் கஷ்டம். அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னார். ஆகாத பொருள் இருக்கும் இடம் கொசு கடித்த மாதிரி தடித்து வரும். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

இதில் இரண்டு சொட்டுகள் முக்கியம். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், அது தடிக்கவே கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், அது யாருக்கும் தடிக்க வேண்டும். ஹிஸ்டமின் தடிக்கவில்லை என்றால் மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது, அந்த டெஸ்ட் செல்லாது. உப்புத் தண்ணீரை விட 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெரிதாகத் தடித்தால்தான் 'பாசிட்டிவ்'. சின்னப் பிள்ளைக்கும் இதைச் செய்யலாம், ரொம்பச் சின்னக் குழந்தைக்குத் தோல் சரியாகத் தடிக்காமல் போகலாம். மூச்சிரைப்பு அதிகமாக இருக்கும் நாளில் செய்யக்கூடாது. அபூர்வமாக உடம்பு முழுக்க ஒவ்வாமை வரலாம் என்பதால் அவசர மருந்தும் டாக்டரும் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். கல்யாண மண்டபத்து முகாமில் வேண்டாம்.

தோல் முழுக்க கரப்பான் புண் இருக்கும் பிள்ளைக்கும், மருந்தை நிறுத்த முடியாத பிள்ளைக்கும் ரத்தத்தில் ஐ.ஜி.ஈ பார்க்கிறார்கள். சந்தேகப்படும் பொருளுக்கு மட்டும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் பயன். 'டோட்டல் ஐ.ஜி.ஈ' என்று மொத்த அளவு மட்டும் பார்த்தால், வயிற்றில் பூச்சி இருந்தாலும் அது ஏறும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் போட வைக்க இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பதினொரு பொருள் தாளுக்கு வருவோம். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்து, ஒரு எழுத்தைக் காட்டினார். அது ஐ.ஜி.ஈ இல்லை, 'ஐ.ஜி.ஜி'. நாம் வழக்கமாகச் சாப்பிடும் பொருளுக்கு எதிராக உடம்பில் ஐ.ஜி.ஜி இருப்பது இயல்பு. அவன் முட்டை சாப்பிட்டிருக்கிறான் என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது, முட்டை ஆகாது என்று சொல்லவில்லை. உணவு அலர்ஜிக்கு இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே அறிவித்துவிட்டது. உணவு ஆகவில்லை என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். வருஷம் முழுக்க மூக்கு மட்டும் ஒழுகுவதற்கு உணவு காரணமாக இருப்பது அரிது. முகாமில் வந்தவர்கள் இதைத் தெரிந்தே செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஏழு வயதுப் பிள்ளை மூன்று மாதம் முட்டைக்கு ஏங்கியதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதேபோல், தோல் டெஸ்ட்டில் தடித்துவிட்டால் உடனே அதுதான் நோய்க்குக் காரணம் என்றும் முடிவு கட்ட முடியாது. உடம்புக்கு அந்தப் பொருளோடு பகை உண்டு என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். தாய் சொல்லும் விவரமும் டெஸ்ட்டும் ஒத்துப் போக வேண்டும். இன்னும் ஒன்று சொன்னார்கள், எங்களுக்கே ஆச்சரியம்: வைத்தியம் ஆரம்பிக்க டெஸ்ட்டே தேவையில்லை. நல்ல மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் அடங்காதபோது, எதை ஒதுக்குவது என்று தெரிய வேண்டியபோது, அல்லது ஆகாத பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் மூன்று முதல் ஐந்து வருஷ வைத்தியம் தொடங்கும்போதுதான் டெஸ்ட் அவசியம். நம் பையனுக்கு ஏன் செய்தார்கள் என்று கேட்டால், "தறியைப் பிரிக்கிறதா வேணாமான்னு அந்த வீட்டுக்குத் தெரியணுமே" என்றார் டாக்டரம்மா.

மருந்து என்றால் முதன்மையானது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்றதும் நாம் பயப்படுகிறோம். அது மூக்கிலேயே வேலை செய்யும் மிகக் குறைந்த அளவு. டாக்டர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் அடிக்கலாம். தலையைக் கொஞ்சம் குனிந்து, முனையை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம், கண் பக்கமாகத் திருப்பி அடிக்க வேண்டும். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை என்று வைத்தால் தானாகச் சரியாக வரும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், மூன்றாம் நாளே பயனில்லை என்று தூக்கிப் போடக்கூடாது. மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதை நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னை விட மோசமாகத் திரும்பும். மான்டெலூகாஸ்ட் கலந்த மாத்திரை, சிரப் கொடுத்தால், பிள்ளை கெட்ட கனவு கண்டு எழுகிறானா, குணம் மாறுகிறதா என்று கவனியுங்கள். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குப் பெரிய எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் இருமல், சளி சிரப் பழக்கத்தை விட்டேயாக வேண்டும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த சிரப் தயாரானது நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் இருந்தது.

எங்கே போவது என்று கேட்கிறீர்கள். எல்லா அரசு மருத்துவமனையிலும் தோல் டெஸ்ட் கிடையாது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு வந்தவாசி, செய்யாறு, ஆரணி அரசு மருத்துவமனைகளில் குழந்தை டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பாருங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். 104 என்ற எண்ணில் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம். டெஸ்ட்டுக்கு எவ்வளவு ஆகும், எத்தனை பொருளுக்குப் பார்ப்பீர்கள் என்று முன்னதாகவே கேளுங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் டீச்சரிடம் சொல்லிப் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். மூச்சிரைப்பும் காது சீழும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கிறது.

போகும் முன் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள். நம் குழு நோட்டில் எழுதும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். தேதி, தும்மல் எந்த நேரம், எங்கே இருந்தான், எங்கே படுத்தான், என்ன மருந்து. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளையே எழுதட்டும்.

பையனுடைய கையில் என்ன தடித்தது என்று இன்னும் சொல்லவில்லையே. தூசிப் பூச்சி 7 மில்லிமீட்டர், கரப்பான் 4. பட்டு இருந்த இடம் உப்புத் தண்ணீர் மாதிரி சும்மா இருந்தது. அவன் அம்மா அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தறி நிற்கிறது. தறிக்குப் பக்கத்தில் படுத்தவனை உள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் போட்டார்கள். போர்வையும் உறையும் வாரம் ஒரு நாள் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காய்கிறது. தறிக்குழியைக் கூட்டுவது அவன் பள்ளிக்கூடம் போன பிறகுதான், அதுவும் ஈரத் துணியால் துடைத்து. கொசுவத்திக்குப் பதில் கொசுவலை. அவன் அப்பா பீடியை வாசலுக்கு வெளியே கொண்டு போயிருக்கிறார், விடவில்லை. ஸ்பிரே ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. காலைத் தும்மல் நாலைந்தாகக் குறைந்திருக்கிறது, வாயை மூடித் தூங்குகிறான். மழைக்காலம் வந்தால்தான் முழுக்கத் தெரியும்.

முட்டை மறுபடி சாப்பிடுகிறான். 4,000 ரூபாய்க் கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி. அடுத்த கூட்டத்திலிருந்து கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், தீபாவளிப் புடவைக்குப் பாவு வந்திருக்கிறதாம்.